கழுவாத கட்டம்

பச்சை நிறத்தைப் பார்த்தாலே பிரகாசிக்கு வயிற்றைப் புரட்டத் தொடங்கியது அந்த வைகாசியில்தான். அதற்கு முன்பு வரை அதைவிடப் பிடித்த நிறம் அவளுக்குக் கிடையாது. காலையில் வேலைக்கு வந்ததும், பையைக்கூட வைக்காமல் சுவரை நிமிர்ந்து பார்ப்பாள். சுவர் முழுக்க ஒரே அட்டவணை. பெயர், நாடித்துடிப்பு, உடல்சூடு. எல்லாக் கட்டமும் பச்சை. அப்பாடா என்று உட்கார்ந்து காபியை உறிஞ்சுவாள்.

தூத்துக்குடி வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று முன்பெல்லாம் கேட்பார்கள். பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை. கத்திரி வெயில் என்று தனியாக ஒன்று இல்லாமல் மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை மண்டையைப் பிளக்கிற காலம் வந்துவிட்டது. உப்பளத்தில் ஆட்கள் வாருபலகையைப் பிடித்தபடியே சுருண்டு விழுந்து செத்தார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம், கோர்ட்டு எல்லாம் முடிந்து வெயில் சட்டம் என்று ஒன்று வந்தது. நெஞ்சில் வில்லை ஒட்டாமல் யாரும் வெயிலில் நின்று வேலை செய்யக் கூடாது. பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வில்லை. துடிப்பையும் சூட்டையும் அளக்கும். கட்டம் சிவந்தால் அளத்தில் சங்கு தானாகவே ஊதும், மொத்தப் பேரும் கரையேற வேண்டும். கட்டம் வெறுமையாகக் கிடந்தால் அந்த ஆளை உடனே நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல சட்டம்தான். நம் ஊரில் நல்ல சட்டத்துக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது?

அளங்களுக்காக இந்த அட்டவணையை ஓட்டுகிற கம்பெனியில் பிரகாசி மாசி மாதம்தான் சேர்ந்தாள். அட்டவணைக்குத் தகவல் ஊட்டுகிற கணினி நிரல் அவள் பொறுப்பு. சுவரை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது ஆவுடையப்பன் பொறுப்பு. போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் விசாரிக்காமல் விட மாட்டார்.

"ஏம்மா, அறுநூறு பேரு அளத்துல நிக்காவ. சொவத்துல இருவத்துநாலு வரிதான தெரியுது? மத்தவன்லாம் எங்க?" என்று சேர்ந்த வாரமே கேட்டார்.

"அட்டவணைக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. அது வெறுஞ்சட்டி. எங்கிட்ட ரெண்டே கேள்விதான் கேக்கும். மொத்தம் எத்தன வரி? இந்த வரில இந்தக் கட்டத்துல என்ன போடணும்? நான் அந்த ஆளோட வில்லைகிட்ட கேட்டுச் சொல்லணும். கண்ணுக்குத் தெரியாத வரியப் பத்தி அது கேக்கவே கேக்காது. உருண்டு கீழ வரும்போதுதான் கேக்கும்."

"அப்ப கட்டமும் இருவத்துநாலு வரிக்குத்தானா?"

"ஆமா. மேல உருண்டு போற வரியோட கட்டத்தையே எடுத்து, கீழ வார வரிக்குப் போட்டுரும். ஒவ்வொருத்தருக்கும் புதுசா செஞ்சா மிஷின் தாங்காது."

ஆவுடையப்பன் முகத்தைச் சுளித்தார். "பந்தில இலைய எடுக்காம அடுத்த ஆள உக்கார வைக்க மாதிரில்லா இருக்கு!"

பிரகாசி சிரித்தாள். "தொடச்சுட்டுத்தான் போடும் அண்ணாச்சி. கட்டத்துக்கும் வில்லைக்கும் நடுவுல ஒரு நூல் கட்டிருக்குன்னு வச்சுக்கிடுங்க. வரி மேல போனதும் அந்த நூல அறுக்கணும், கட்டத்தத் தொடைக்கணும், அப்புறந்தான் அடுத்த ஆளுக்கு நூல் கட்டணும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச மொறதான்."

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணிக்கையை ஒன்றில் தொடங்க மாட்டார்கள், சுழியத்தில் தொடங்குவார்கள். அந்தச் சுழிய வரியில் சோதனைக்காகத் தங்களையே போட்டுக்கொள்வார்கள். பிரகாசியும் சேர்ந்த அன்றே தன் நெஞ்சில் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டாள். குளிக்கிற நல்ல தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஏசி அறையில் வியர்வையும் கிடையாது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, நாளடைவில் மூக்குத்தியைப் போல மறந்தும் போனது. சுவரில் முதல் வரியாக 'சோதனை' என்று ஒன்று வரும். அதற்குச் சங்கு கிடையாது என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அவள் கவனித்த வரி வேறு. எழுபத்திரண்டாவது வரி, சலேத்தம்மாள், ஏழாம் அளம். பிரகாசியின் அக்காள்.

அம்மா போன பிறகு சலேத்து உப்பு வாரித்தான் தங்கையைப் படிக்க வைத்தாள். இப்போது தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது, வீட்டில் இரு என்றால் கேட்டால்தானே? "ஒன் சோத்துல உக்காந்து திங்கச் சொல்லுதியாட்டி? கையும் காலும் நல்லா இருக்குறவரைக்கும் போறேன்" என்பாள். சரி, போகட்டும், கண் முன்னாலேயேதான் இருக்கிறாள் என்று பிரகாசி மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த வரியை எடுத்துப் பார்ப்பாள். எழுபத்தைந்து, எழுபத்தெட்டு. பச்சை.

வைகாசி பிறந்த மறுநாள் ஆவுடையப்பன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணாம் அளத்துச் சூசைமுத்த நேத்து வீட்டுல போய்ப் பாத்தேன். கால ஒடிச்சுக்கிட்டுப் பங்குனில இருந்து கட்டில்ல கெடக்கான். கெட்டுப்போன வில்லைய அவன் பொண்டாட்டி தகரப் பெட்டில போட்டு வச்சிருக்கா. இங்க பாரு, அவன் பேருக்கு எழுவத்தெட்டு. பெட்டிக்கு நாடி துடிக்குமாம்மா?"

பிரகாசி நிரலைத் திறந்தாள். தனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியதைத் தோண்டிக்கொண்டே போனாள். தேடியது அங்கே இல்லை. கட்டத்தை மறுபடி பயன்படுத்தும் முன் துடைக்க வேண்டிய கட்டளையே இல்லை. புது ஆளின் வில்லை பதில் சொன்னால் புது எண் வந்து பழையதை மூடும். பதில் சொல்லாவிட்டால் முன்னால் இருந்தவனின் எண் அப்படியே கிடக்கும், புதுப் பெயருக்குப் பக்கத்தில், பச்சையாக.

"சீ!" என்று வாய்விட்டே சொன்னாள். ஆவுடையப்பன் சொன்ன இலை ஞாபகம் வந்தது. சோற்றுப் பருக்கையும் சாம்பார்க் கறையுமாக எச்சில் இலைகள் அந்தச் சுவர் முழுக்க விரித்துக் கிடப்பதுபோல் இருந்தது. அந்த எச்சிலைப் பார்த்துத்தான் மூன்று மாதமாக அப்பாடா என்றிருக்கிறாள்.

திட்ட மேலாளர் திரவியராஜ் அப்போது மக்ரூன் தின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோங்க பிரகாசி. இப்பத்தான் வாங்கிட்டு வந்தது." உதட்டில் முந்திரித் தூள் ஒட்டியிருந்தது.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சார்?"

"மொதல்ல தொடைக்கத்தான் செஞ்சோம். எப்ப பாத்தாலும் சொவத்துல பாதி வெறுங்கட்டம். வெறுங்கட்டம்னா அந்த ஆள நிழலுக்குக் கூப்பிடணும்னு சட்டம். அளத்துல பாதிப் பேரு நிழல்ல உக்காந்தா உப்ப யாரு வாருவா? வேற கம்பெனியப் பாத்துக்கிடுதோம்னு அளக்காரங்க எந்திரிச்சுட்டாங்க. போன மழைக்கு முன்னால அந்தக் கட்டளைய எடுத்துட்டோம். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரு கொறையும் சொன்னதில்ல."

விட்டுப்போனது அல்ல, எடுத்தது. பிரகாசி பொட்டலத்தை அவர் பக்கமே தள்ளினாள். "வில்லைய மாத்தலாம்லா சார்?"

"உப்புத்தண்ணி எந்த வில்லையையும் பத்து நாள்ல தின்னுரும். மாத்திக்கிட்டேவா இருக்க முடியும்?" விரல்களைத் துடைத்துக்கொண்டார். "யோசிச்சுப் பாருங்க. ஒங்க அக்காளும் ஏழாம் அளத்துலதான நிக்காங்க? அவங்க பேருக்கு வெறுங்கட்டம் காட்டி, வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பச் சொல்லுதீங்களா? அவங்களுக்கும் நல்லதுதான செய்யுதோம்? அடுத்த வாரம் சர்க்கார்ல இருந்து ஆய்வுக்கு வாராங்க. அது முடியட்டும், பொறவு பாப்போம்."

நல்லது செய்கிறாராம்! அந்த மக்ரூனை அவர் முகத்திலேயே அப்பிவிட்டு வந்திருக்க வேண்டும். பிரகாசி அப்படிச் செய்யவில்லை. நேராகத் தன் இருக்கைக்குப் போய் எழுபத்திரண்டாவது வரியைத்தான் எடுத்துப் பார்த்தாள். எழுபத்தாறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்தெட்டு ஆனது. பிறகு எழுபத்தைந்து.

எண் ஓடியது. எச்சில் என்றால் உறைந்து கிடக்க வேண்டும், இது ஓடுகிறது. அப்படியென்றால் அக்காளின் வில்லை நல்ல வில்லை, பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிரகாசி மூச்சு விட்டாள். பாதி படித்திருந்த நிரலை மூடினாள். ஆய்வு முடியட்டும், பிறகு சண்டை போடுவோம் என்று நினைத்துக்கொண்டாள். ஊரார் அத்தனை பேரின் கட்டமும் நாறிக்கொண்டிருக்க, தன் வீட்டுக் கட்டம் சுத்தம் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்ததே ஒரு நிம்மதி, அதைவிட அருவருப்பான ஒன்று அந்த அறையில் வேறு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை உச்சி வேளையில் சலேத்து போன் செய்தாள். அளத்திலிருந்து அவள் போன் செய்வதே இல்லை.

"ஏட்டி பிரகாசி, தல கெறங்குது. கண்ண இருட்டிக்கிட்டு வருது. வேர்வையும் வரமாட்டங்கு. கங்காணிட்ட சொன்னா போனத் தூக்கி மூஞ்சிக்கு நேரக் காட்டுதான். ஒனக்குப் பச்சையாத்தான் இருக்கு, நடிக்காம வேலையப் பாருங்கான்."

பிரகாசி அவசரமாக வரியை எடுத்தாள். எழுபத்தேழு, எழுபத்தொன்பது. சூடு முப்பத்தாறு புள்ளி எட்டு.

"வில்லை நல்லா ஒட்டிருக்காக்கா?"

"ஒட்டித்தான் இருக்கு. எரியுது."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எழுவத்தொம்போது, சூடும் இல்ல. நல்லாத்தான் இருக்க. காலைல ஒழுங்கா சாப்பிட்டியா? கொஞ்சம் தண்ணி குடி. சாயங்காலம் சீக்கிரமா வந்து படு."



"அப்படியா? ஒன் மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் சலேத்து. "எனக்குத்தான் பித்தம் போல. வச்சிருதேன்."

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கூட வேலை செய்கிற பொன்னுத்தாய் அழுதுகொண்டே கூப்பிட்டாள். சலேத்து பாத்திக்குள் குப்புற விழுந்துவிட்டாளாம். உப்பு லாரியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். சங்கு ஊதவில்லை. சுவரில் எழுபத்திரண்டாவது வரி பச்சையாக உருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

பிரகாசி படிகளில் இறங்கி ஓடினாள். ஆட்டோவில் ஏறியதும், சுவரின் நகலாகப் போனிலும் ஓடுகிற அட்டவணையில் அக்காளின் வரியை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு. துடிக்கிறது! உயிர் இருக்கிறது! "மாதாவே, மாதாவே" என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஆட்டோ சிக்னலில் நின்றபோது நூற்று இரண்டாக இறங்கியது. கொஞ்சம் தெளிவு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, லிப்ட் வேலை செய்யாததால் படியேறினாள். முதல் மாடியில் நூற்று இருபத்தைந்து. அக்காளுக்கு ஏதோ ஆகிறது என்று இன்னும் வேகமாக ஏறினாள். நூற்று முப்பத்தாறு. அவள் ஓட ஓட எண்ணும் ஏறியது. எண் ஏறுவதைப் பார்த்து அவள் இன்னும் ஓடினாள்.

வார்டின் ஓரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரில் சலேத்து கிடந்தாள். கழுத்து வரை வெள்ளைத் துணி. கால்விரல் இடுக்குகளில் உப்பு காய்ந்திருந்தது. பொன்னுத்தாய் சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

இளம் டாக்டர் ஒருத்தி அருகே வந்தாள். "தங்கச்சியா நீங்க? கொண்டு வரும்போதே உயிர் இல்லைங்க. உடம்பு அப்படிக் கொதிச்சுது. ரொம்ப நேரம் சூட்டுல இருந்திருக்காங்க."

"இல்ல டாக்டர். பாருங்க, இங்க பாருங்க. நூத்திமுப்பத்தெட்டு. துடிக்குது. நீங்க சரியாப் பாக்கல!"

டாக்டர் போனைப் பார்த்தாள். சலேத்துவின் முகத்தைப் பார்த்தாள். பிரகாசியின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தாள். கையை விடவில்லை. பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

"முதல்ல மெதுவா மூச்சு விடுங்க. உங்களுக்குத்தான் நூத்திமுப்பது ஓடுது."

பிரகாசி மூச்சை இழுத்து விட்டாள். போனில் அக்காளின் எண் நூற்று இருபத்தொன்பது ஆனது. இன்னொரு தடவை விட்டாள். நூற்று இருபத்து நான்கு.

அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. ரவிக்கைக்குள் வில்லை தட்டுப்பட்டது.

சுழியம், இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு. சுழிய வரிக்கு, அதாவது இவளுக்கு, போடுகிற கட்டம்தான் உருண்டு உருண்டு அக்காளுக்கும் போகிறது. துடைக்கிற வேலையும் நூலை அறுக்கிற வேலையும் ஒரே கட்டளையில் இருந்திருக்கின்றன. ஒன்றை எடுத்தபோது மற்றதும் போயிருக்கிறது. அன்றைக்கு நிரலை மூடாமல் இன்னும் பத்து நிமிடம் படித்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இலை எச்சில் மட்டும் இல்லை, முன்னால் உண்டவள் பந்தியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஏசியில் உட்கார்ந்து காபி குடிக்கிற இவளுடைய நெஞ்சுதான் மூன்று மாதமாக அக்காளின் பெயருக்கு எதிரே துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் கங்காணி அவளை வேலை வாங்கினான். அதைப் பார்த்துத்தான் இவளும், நல்லாத்தான் இருக்க, தண்ணி குடி என்று சொன்னாள்.

எழுந்து போய் அக்காளின் துணியை விலக்கினாள். நெஞ்சில் வில்லை கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்பைச் சுற்றித் தோல் வெந்து, புண்ணாகி, அதன்மேல் உப்புப் பூத்திருந்தது. எரியுது என்று சொன்னாளே. எவ்வளவு நாளாக எரிந்ததோ! பிரகாசி ஜன்னலோரம் போய் வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த காபிதான் வந்தது.

போன் அடித்தது. திரவியராஜ்.

"பிரகாசி, கேள்விப்பட்டேன். பதறாதீங்க. ஆஸ்பத்திரில ஏதாவது சொன்னாங்கன்னா உடனே எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. நான் சொவருக்கு முன்னாலதான் நிக்கேன். ஒங்க அக்காளுக்கு நூத்தி இருவது. கொஞ்சம் படபடப்பு, அவ்வளவுதான். அளத்துல இருந்தவரைக்கும் பச்சைதான், எல்லாம் பதிவாயிருக்கு. அளத்து மேல ஒரு தப்பும் வராது. ஒங்க மேலயும் வராம நான் பாத்துக்கிடுதேன்."

செத்தவளின் பேரில் எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, அதையே சாட்சியாக வைத்துப் பேசுகிறான். நாக்கு கூசவில்லை. இதற்கு முன்னாலும் எத்தனை வீட்டாரிடம் இதே குரலில் பேசியிருப்பானோ!

"சார்" என்றாள் பிரகாசி. "சொவத்தையே பாத்துக்கிட்டு இருங்க. கண்ண எடுக்காதீங்க."

ரவிக்கைக்குள் கைவிட்டு வில்லையைப் பிய்த்தாள். தோல் கொஞ்சம் கிழிந்தது. கெட்டுப்போன வில்லை எதுவும் சொல்லாது. நல்ல வில்லை அப்படி இல்லை, உடம்பை விட்டுப் பிரிந்ததும் துடிப்பு இல்லை, சுழியம் என்று சொல்லும். அதுவும் பதில்தான். பதில் வந்தால் அட்டவணை போட்டுவிடும்.

 போனில் ஆவுடையப்பனின் குரல் தூரத்தில் கேட்டது. "சார்! எழுவத்திரெண்டு செவந்துட்டு! இருவத்துநாலாவது வரியும் செவப்பு! இந்தா, இன்னொண்ணு! உருள உருளச் செவந்துக்கிட்டு வருது சார்!" அதற்கு மேலாக அறையின் ஒலிபெருக்கி வழியே அளத்துச் சங்கின் ஒலி எழுந்தது. ஒரு அளத்துச் சங்கு, அடுத்ததன் சங்கு, பிறகு எல்லாமும். எத்தனை பேருக்கு அவள் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"சங்க நிறுத்துங்கய்யா! மொதல்ல அத நிறுத்துங்க!" திரவியராஜ் அலறினார்.

"நிறுத்தக் கூடாது சார். எல்லாரும் கரையேறுற வரைக்கும் ஊதணும்னு சட்டம்" என்றார் ஆவுடையப்பன். ஏட்டாக இருந்த காலத்துக் குரல் அது. "ஏறட்டும். ஏறாதவன் யாருன்னு அப்பந்தான் எண்ணலாம்."

பிரகாசி போனைக் காதிலிருந்து எடுத்தாள். சங்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் போய் நின்று துணியை இழுத்து மூடிவிட்டாள். எழுபத்திரண்டு, சலேத்தம்மாள், ஏழாம் அளம். சிவப்பில் ஒரு சுழியம். போனைத் திருப்பி அக்காளின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இப்பத்தான்க்கா சரியாக் காட்டுது" என்றாள்.